பாலா மருந்தா என்று கேட்காதீர்கள்

"மருந்து எடுக்கிற தாய் பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாது." பம்பலப்பிட்டியில் இந்தத் தீர்ப்பைக் கேட்க எங்கும் அலையத் தேவையில்லை. காலி வீதி மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் சொல்வார்கள். பிள்ளை பார்க்க வெள்ளவத்தையிலிருந்து வந்த பெரியம்மா, சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சொல்வார். தொடர்மாடியில் மேல்வீட்டு அக்கா, தன் மச்சாளுக்கு லண்டனில் யாரோ சொன்னதாகச் சொல்வார். சிலவேளை வைத்தியரே, அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுகிற அவசரத்தில், "எதுக்கும் பாலை நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிடுவார். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதப் பிள்ளை என்று இந்த நால்வரில் ஒருவரும் கேட்பதில்லை.

இந்தத் தீர்ப்பால் அதிகம் அடிபடுகிறவர்களில் குடல் அழற்சி நோயுள்ள தாய்மாரும் அடங்குவர். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தமும் சளியுமாகப் போகிற பெருங்குடல் அழற்சி ஒன்று; வாய் முதல் ஆசனவாய் வரை குடற்பாதையில் எங்கும் பிடிக்கக்கூடிய குரோன் நோய் மற்றது. வீட்டுப் பேச்சில் இரண்டையும் 'கொலைட்டிஸ்' என்று முடித்துவிடுவோம். மூலம் என்றும் சீதபேதி என்றும் கொஞ்சக் காலம் கைவைத்தியம் நடந்த பிறகே பலருக்கு நோயின் பெயர் தெரிய வருகிறது. கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் எடுத்து 2010இல் வெளியான கணக்கின்படி, இலட்சத்துக்கு 5.3 பேருக்குப் பெருங்குடல் அழற்சியும் 1.2 பேருக்குக் குரோனும் இருந்தன. எண் சிறியதுதான். ஆனால் நோய் பெரும்பாலும் 15க்கும் 35க்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டுகிறது. நம் வீடுகளில் கலியாணமும் பிள்ளைப்பேறும் நடக்கிற வயது அது. அரிதான நோய் என்பதால் அதைப் பற்றி எவரும் படித்து வைத்துக்கொள்வதில்லை. படிக்காத இடத்தில் "நிப்பாட்டு" என்பதே கைக்கு எட்டுகிற ஆலோசனை.

அந்த ஆலோசனையை எதிர்த்தே இதை எழுதுகிறேன். அது முன்னெச்சரிக்கை என்ற பெயரில் உலவுகிறது. சொல்கிறவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, நிம்மதிதான். நட்டம் எல்லாம் கேட்கிறவளுக்கு.

மருந்து அல்லது பால், ஒன்றைத் தெரிந்தெடு என்று நெருக்கப்படுகிற தாய் என்ன செய்வாள்? பால் கொடுக்காத தாயை நம் சனம் எப்படிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே பாலை வைத்துக்கொண்டு மருந்தை விட்டுவிடுகிறாள். மாமிக்குச் சொல்வதில்லை, கிளினிக்கிலும் சொல்வதில்லை. மாத்திரை லாச்சிக்குள் கிடக்கும். முதற் சில வாரம் ஒன்றும் நடக்காது. அந்த அமைதியே அவளுக்குத் தைரியம் கொடுக்கும். பிறகு ஒருநாள் வயிறு முறுக்கத் தொடங்கும்.

இது என் கற்பனைப் பயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் 122 தாய்மாரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. மேலோட்டமாகப் பார்த்தால், பால் கொடுத்தவர்களுக்கே பிள்ளை பிறந்த பிறகு நோய் கூடுதலாகக் கிளம்பியிருந்தது. "பாத்தியே, நான் அப்பவே சொன்னனான்" என்று பெரியம்மா துள்ளலாம்; பொறுத்திருக்கட்டும். யார் யார் மருந்தை நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பாலுக்கும் நோய்க்கும் இருந்த அந்தத் தொடர்பு கரைந்துபோயிற்று. பால் கொடுக்க வேண்டும் என்பதற்காக மருந்தைக் கைவிட்டதுதான் அவர்களைப் படுக்கையில் போட்டது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நடந்து 2009இல் வெளியான இன்னோர் ஆய்வில், பிள்ளை பிறந்த முதலாவது ஆண்டில் குரோன் உள்ள தாய்மாரில் பால் கொடுத்தவர்களில் 26 வீதத்தினருக்கும் கொடுக்காதவர்களில் 29.4 வீதத்தினருக்கும் நோய் மீண்டும் கிளம்பியது. பெருங்குடல் அழற்சியில் அது 29.2 வீதமும் 44.4 வீதமும். இந்த வேறுபாடுகள் புள்ளியியல் முறையில் உறுதியானவை அல்ல என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்; ஆகவே பால் கொடுத்தால் நோய் குறையும் என்று நான் வாதாட வரவில்லை. பால் கொடுத்தால் நோய் கூடும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நோய் கிளம்புவது என்றால் என்ன என்பதை ஆண்களும், வயிறு நல்லாக இருக்கிற பெண்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு வைத்தியர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நாளொன்றுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்துடன் போய், அதோடு காய்ச்சல், வேகமான நாடி, இரத்தச்சோகை போன்ற ஒன்றும் சேர்ந்தால் அது கடுமையான நிலை. பிறந்த பிள்ளைக்கோ நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஓர் 'அனெக்ஸ்' வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு குளியலறை, பிள்ளை பார்க்க வந்த சனம் முன்னறையில், மார்பில் பிள்ளை, வயிற்றில் அவசரம். பிள்ளையை யார் கையில் கொடுத்துவிட்டு ஓடுவது? என்ன காரணம் சொல்வது? மருந்து ஒழுங்காகப் போயிருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வந்திராது. வந்த பிறகு வார்டில் அனுமதி, கூடிய அளவு ஸ்டீரொய்ட், சிலவேளை அறுவைச் சிகிச்சை. பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். பாலைக் காப்பாற்றுவதற்காக விட்ட மருந்து கடைசியில் பாலையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

சரி, மருந்து பாலில் போகாதா? போகும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. தாய் குடித்தால் பிள்ளை குடித்த மாதிரி என்பது கணக்குத் தெரியாத பேச்சு. பாலின் வழியாகப் பிள்ளைக்குப் போவது, எடைக்கு எடை பார்த்தால் தாய் எடுக்கும் அளவில் 10 வீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருந்துகளைப் பொறுத்தவரை அது ஏற்கத்தக்கது என்பது இத்துறையில் பொதுவான அளவுகோல். அசதயோப்ரின் என்ற மாத்திரைக்குத்தான் நம்மவர்கள் மிகவும் பயப்படுவார்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து என்பதால். டென்மார்க்கில் அதை எடுத்துக்கொண்டே பாலூட்டிய எட்டுத் தாய்மாரின் பாலை மணிக்கு மணி எடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைக்குப் போகக்கூடிய உச்ச அளவு எடையின் கிலோவுக்கு 0.0075 மில்லிகிராம். தாய் எடுப்பது வழக்கமாகக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில். ஒரு வீதம்கூட இல்லை. பாலில் இறங்குவதில் பெரும்பகுதியும் மாத்திரை விழுங்கிய முதல் நாலு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடுகிறது. பயம் தீராத தாய் இரவுப் பாலைக் கொடுத்துவிட்டு, பிள்ளை தூங்கப்போகும் நேரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டீரொய்ட் மாத்திரையான பிரெட்னிசொலோனும் அப்படித்தான், நாளுக்கு 40 மில்லிகிராம் வரை பாலூட்டுவதற்குத் தடையாக அதை எவரும் கருதுவதில்லை. அதற்கு மேல் போனால் நாலு மணித்தியாலம் விட்டுக் கொடுக்கச் சொல்வதுண்டு.

இன்னும் வேடிக்கை ஊசிகளைப் பற்றிய பயம். "மாத்திரை எண்டாலும் பரவாயில்லை, இந்தப் புது ஊசி வேண்டாம்" என்பார்கள். இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் எல்லாம் புரதங்கள். மூலக்கூறின் எடை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் தலையிடிக்கு யாரையும் கேட்காமல் விழுங்குகிற பனடோலின் மூலக்கூறு எடை 151. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிதான ஒன்று பாலுக்குள் நுழைவது பெரும்பாடு. நுழைகிற சொற்பமும் பிள்ளையின் வயிற்றுக்குள் போய் மற்றப் புரதங்களைப் போலவே பெரும்பாலும் செரித்துவிடும். அமெரிக்காவில் பியானோ என்ற பெயரில் நடந்துவரும் தாய்மார் பதிவேட்டில் 72 பெண்களின் பாலைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டே பாலூட்டிய தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தொற்று நோய் கூடுதலாக வரவும் இல்லை, வளர்ச்சிப் படிகள் பிந்தவும் இல்லை.

பழைய மருந்து பத்திரம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த நோய்க்கான மருந்துகளில் பழையது சல்பாசலசின். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் வைத்தியர் 80 ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவந்தது. அதோடும் பாலூட்டலாம். ஆனால் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்திருந்தால், மஞ்சட்காமாலை இருந்தால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்தால், புது ஊசியைவிட இந்தப் பழைய மாத்திரைக்கே கவனம் கூட வேண்டும். அதை எடுத்த தாயின் பிள்ளைக்கு இரத்தத்தோடு வயிற்றோட்டம் வந்ததாகப் பதிவு உண்டு. அரிது, ஆனாலும் கவனிக்க வேண்டியது. மெசலசின் எடுக்கும் தாயும் பிள்ளைக்கு வழமைக்கு மாறான வயிற்றோட்டம் வந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வழமைக்கு மாறான என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாய்ப்பால் குடிக்கிற சின்னப் பிள்ளைக்கு மஞ்சளாக, இளக்கமாக, நாளுக்குப் பல தடவை போவது இயல்பு. தாய்க்குக் கொலைட்டிஸ் என்று தெரிந்த வீட்டில் அந்த இயல்பான துணியைப் பார்த்துவிட்டு "நோய் பிள்ளைக்கும் இறங்கீட்டுது" என்று ஒப்பாரி தொடங்கிவிடும்.

நோய் பாலில் இறங்காது. பரம்பரையில் கொஞ்சம் வரலாம், பாலில் வராது. தாய்ப்பால் குடித்தவர்களுக்குப் பின்னாளில் குரோனும் பெருங்குடல் அழற்சியும் குறைவாகவே வருகின்றன என்று 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பு சொல்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளில் எடுத்து 2015இல் வெளியான ஆய்வில், ஆசியர்களிடையே 12 மாதத்துக்கு மேல் பால் குடித்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆக, தன் நோய் பிள்ளைக்கு வந்துவிடக்கூடாதே என்று பாலை மறக்கடிக்கிற தாய், பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு காவலையே எடுத்துவிடுகிறாள்.

எல்லா மருந்தோடும் பால் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மெதொட்ரெக்சேட் எடுக்கும் தாய் பாலூட்டக்கூடாது என்பதே வழக்கமான வழிகாட்டல். டொஃபாசிட்டினிப், உபடாசிட்டினிப் போன்ற புதிய சிறுமூலக்கூறு மாத்திரைகளோடும் வேண்டாம். இங்கே கவனியுங்கள், இவை மாத்திரைகள். ஊசிக்குப் பயந்து மாத்திரையை நம்புகிற நம் வழக்கத்துக்கு நேரெதிர். இந்தப் பட்டியல் சிறியது. இதில் உள்ள மருந்து தேவைப்படுகிற பெண்ணோடு கர்ப்பத்துக்கு முன்னரே இருந்து கதைத்து, மாற்று உண்டா என்று பார்க்க வேண்டியது வைத்தியரின் வேலை. சிறிய பட்டியலை நினைவில் வைக்கச் சிரமப்பட்டு எல்லாவற்றுக்கும் தடை போடுவது வைத்தியம் ஆகாது.

"பெட்டிக்குள்ள இருக்கிற தாளிலேயே வேண்டாம் எண்டு போட்டிருக்கு" என்பது மருந்துக்கடைக்காரரின் கடைசி வாதம். அந்தத் தாளைப் பெரும்பாலும் நிறுவனத்தின் சட்டத்தரணிகள் பார்வையிட்டே அச்சுக்கு விடுகிறார்கள். பாலூட்டும் தாய்மாரிடம் மருந்தைச் சோதித்துப் பார்த்திராத நிறுவனம், பழி வராமலிருக்க "தவிர்க்கவும்" என்று எழுதிவிடும். ஐரோப்பிய குரோன் கொலைட்டிஸ் அமைப்பின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் 2006 முதல் லாக்ட்மெட் என்ற தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது; கைத்தொலைபேசியிலேயே திறந்து மருந்தின் பெயரை அடித்துப் பார்க்கலாம். மருந்துப் பெட்டித் தாளை வாசிக்க எடுக்கும் நேரம்கூட எடுக்காது. சேனக பிபிலே பிறந்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, மருந்து பற்றிய நேர்மையான தகவல் வைத்தியருக்கும் சனத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று போராடிய நாடு இது. இங்கே இருந்துகொண்டு கொம்பனித் தாளை வேதமாகப் பிடிப்பது வெட்கம்.

பொய்யான ஆபத்தை நாம் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிற நேரத்தில், உண்மையான ஆபத்து ஒன்று பக்கத்தால் நழுவிப் போகிறது. இலங்கையில் பிள்ளை வைத்தியசாலையை விட்டு வீட்டுக்கு வர முன்னரே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் போட்டுவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி. கர்ப்ப காலத்தில் தாய் இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் எடுத்திருந்தால் மருந்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்துக்குள் போய், மாதக்கணக்கில் அங்கே நிற்கும். சராசரியாக முன்னையது ஏழு மாதத்துக்கு மேல், பின்னையது நாலு மாதம் அளவில். 2010இல் பிரித்தானியாவில் இருந்து வந்த ஒரு பதிவில், கர்ப்பம் முழுதும் இன்ஃபிளிக்சிமாப் எடுத்த தாயின் பிள்ளைக்கு மூன்று மாதத்தில் பி.சி.ஜி. போடப்பட்டு, அந்தக் கிருமியே உடலெங்கும் பரவிப் பிள்ளை இறந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு பி.சி.ஜி.யைக் குறைந்தது ஆறு மாதம், பல வழிகாட்டல்களின்படி 12 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். அந்தப் பேச்சுப் பிள்ளை பிறந்த பிறகு எடுபடாது. பிரசவத்துக்கு முன்னரே கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாலை நிப்பாட்டு என்று சொல்கிற எத்தனை பேர் இந்த ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள்?

அடுத்தது பத்தியம். நான் பத்தியத்துக்கு விரோதி அல்ல. சரக்குக் கறியும் பால்சுறா வறையும் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு, புரதமும் உண்டு, ருசியும் உண்டு. ஆனால் "பச்சைப் புண், தண்ணி கனக்கக் குடியாதே" என்ற விதி குடல் அழற்சி உள்ள தாய்க்குத் தீங்கு. வயிற்றாலும் நீர் போய், பாலிலும் நீர் போகிற உடம்புக்குத் தண்ணீரைக் குறைத்தால் அவள் வாடிப்போவாள். பால் ஊற வேண்டும் என்று வெந்தயத்தைக் கஞ்சியிலும் களியிலும் அள்ளிப் போடுவதும் இவளுக்கு ஆகாது. கூடிய அளவு வெந்தயம் வயிற்றோட்டத்தைத் தூண்டக்கூடியது. அமெரிக்க இரைப்பைக் குடல் வைத்தியர்கள் 2019இல் வெளியிட்ட பராமரிப்பு வழிமுறை, இந்த நோயுள்ள தாய்மார் அதைத் தவிர்ப்பது நல்லது என்கிறது. வைத்தியர் தந்த மருந்துக்குப் பயப்படுகிற வீடு, அடுப்படி மருந்தை மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் ஊட்டிவிடுகிறது.

"பால்மா இருக்குத்தானே, ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பவர்கள் 2022இன் பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டார்கள். பால்மாவுக்கும் வரிசை, அதைக் கரைக்கத் தண்ணீர் கொதிக்க வைக்கிற காஸுக்கும் வரிசை.

ஆனால் எதிர்ப் பக்கத்தையும் விட்டுவைக்க முடியாது. 2020இல் உலகத் தாய்ப்பாலூட்டல் போக்குகள் மதிப்பீட்டில் இலங்கை 100க்கு 91 புள்ளி பெற்று முதலிடத்தில் நின்றது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார அளவீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். இந்தப் பெருமையின் நிழலில், பால் கொடுக்க முடியாமற் போன தாய் குற்றவாளியாக நிற்கிறாள். ஒரு பக்கம் "மருந்து எடுக்கிறாய், குடுக்காதே", மறு பக்கம் "தாய்ப்பால் குடுக்காத நீயும் ஒரு தாயா" என்று இரண்டு வாயும் ஒரே வீட்டுக்குள்ளேயே இருக்கும். சிலவேளை ஒரே ஆளின் வாயாகவும் இருக்கும். நோய் முற்றிய ஒருத்தி, மெதொட்ரெக்சேட் தேவைப்படுகிற ஒருத்தி, வெறுமனே களைத்துப்போன ஒருத்தி பால்மாவைத் தெரிந்தெடுத்தால் அது அவளுடைய முடிவு. உண்மையான தகவலைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவாக இருந்தால் அதற்கு மேல் யாருக்கும் பேச்சில்லை.

உதவி செய்ய விரும்புகிற வீட்டுக்கு வேலை நிறைய இருக்கிறது. இரவுப் பாலுக்குப் பிறகு பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்க வைப்பது தகப்பனால் முடியும். பால் கொடுக்கிற கதிரைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர், குளியலறைக்குப் போக யாரையும் கேட்கத் தேவையில்லாத ஓர் ஒழுங்கு, மாத்திரை வேளைக்கு ஒரு ஞாபகப்படுத்தல், முதல் மாதத்தில் விருந்தாளிகளுக்கு ஒரு கட்டுப்பாடு. கிளினிக்குகளில் இந்த மருந்துகளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கத் துண்டு இருக்க வேண்டும். கொழும்பில் தமிழில் பதில் கேட்கிற தாய்க்குக் கிடைப்பது பலவேளை தலையசைப்புத்தான்.

தாயே, உங்களிடம் ஒன்று. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஒரு வேளைகூட. கர்ப்பமாக இருக்கும்போதே உங்கள் குடல் வைத்தியரையும் பிரசவ வைத்தியரையும் ஒருவரோடு ஒருவர் கதைக்க வையுங்கள். முடியாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டுங்கள். ஊசி எடுத்திருந்தால் பி.சி.ஜி. பற்றி நீங்களே வாய் திறந்து கேளுங்கள். யாராவது பாலை நிப்பாட்டச் சொன்னால், எந்த மருந்துக்காக, என்ன காரணத்துக்காக என்று சீட்டில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரின் பேச்சைக் கேட்டுப் பாலையும் விட வேண்டாம், மருந்தையும் விட வேண்டாம்; இன்னொரு வைத்தியரைப் பாருங்கள்.